பிரஷர் பார்க்காமல் டாப்பெட்டைக் கழற்றாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் வாசிக்கவும். டீசல் கார் வைத்திருப்பவர்கள் பொறுமை இல்லாவிட்டாலும் வாசிக்கவும்.

போன வாரம் இங்கே மூன்று வரி எழுதியிருந்தேன். ஹைட்ராலிக் டாப்பெட் சத்தம் போட்டால் முதலில் ஆயில் பிரஷரைப் பாருங்கள், அப்புறம் கழற்றலாம் என்று. அதற்கு ஒருவர், "சாருக்கு சாக்பீஸைப் பற்றித் தெரியும், டாப்பெட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டிருந்தார். அதற்கு நாற்பது பேர் சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள். அவர்களில் நாலைந்து பேர் என்னிடம் படித்தவர்கள். சிரிக்கட்டும். கேள்வி நியாயமானதுதான், பதில் சொல்கிறேன்.

எனக்கு டாப்பெட்டைப் பற்றித் தெரிந்தது ஒரு குற்றவுணர்ச்சியால்.

எங்கள் தெருவில் டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவர். பழைய டிசையர் டீசல். திருவனந்தபுரம் ஏர்போர்ட் டிரிப், கல்யாண டிரிப், ஆஸ்பத்திரி டிரிப், அதுதான் பிழைப்பு. இரண்டு மாதத்துக்கு முன் என்ஜின் மேல்பாகத்திலிருந்து டக் டக் என்று சத்தம். ஊருக்குள் ஒரு பெரிய பணிமனையில் காட்டினார். (பெயர் சொல்லமாட்டேன். இது ஒரு கடையின் கதை அல்ல.) போனட்டைத் திறந்து, காது கொடுத்து, ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு: "ஹைட்ராலிக் டாப்பெட் போச்சு. பதினாறையும் மாத்தணும்." லேபரோடு 31,000 ரூபாய்.

அன்று சாயங்காலம் தம்பி என்னிடம் வந்தார். "சாரே, என்ன செய்யட்டும்?" நான் பெரிய மனிதன் தோரணையில், "அவங்க படிச்சவங்க, மிஷின் எல்லாம் வச்சிருக்காங்க, சொல்றதைச் செஞ்சிரு தம்பி" என்றேன். மறுநாள் அவர் மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது.

பதினோராம் நாள் அதே சத்தம் திரும்ப வந்தது. பணிமனையில் கேட்டதற்கு, "இனி ஹெட்டைக் கழற்றிப் பார்க்கணும், டைமிங் செயினும் மாத்தவேண்டி வரலாம்" என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் தடவையும் அவர்கள் பார்க்கவில்லை, இப்போதும் பார்க்கவில்லை. ஊகித்துக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு ஊகத்துக்கும் பில் தம்பிக்கு.

ஒழுகினசேரி பக்கம் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அம்பாசிடர், பத்மினி காலத்து ஆள். பெயர்ப்பலகை கூடக் கிடையாது. அவரிடம் போனோம். அண்ணாச்சி ஒன்றையும் கழற்றவில்லை. டிப் ஸ்டிக்கை உருவி ஆயிலை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தார், மோந்து பார்த்தார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை என்ஜினில் அங்கங்கே தொட்டுக் கேட்டார். பிறகு ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் முள் கேஜ் ஒன்றை முறுக்கினார். வண்டி நன்றாகச் சூடானபின் ஐடிலில் முள் ஒரு பாரைக்கூடத் தொடவில்லை.

"சாரே, இது டாப்பெட்டுக்க வியாதி இல்ல, ஆயிலுக்க வியாதி. கீழ பாக்கணும், அவன் மேல பாத்திருக்கான்" என்றார்.

ஆயில் சம்ப்பை இறக்கினார். பம்ப் ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையில் கரி மசி அப்பியிருந்தது. அதோடு சின்னச் சின்ன ரப்பர் உருண்டைகள் மாதிரி என்னவோ. என்ன என்று கேட்டேன். மேல்கூட்டைத் திரும்ப மாட்டும்போது அள்ளிப் பூசிய சிலிக்கான் பசை பிதுங்கி உள்ளே விழுந்தது. அதாவது, இல்லாத நோய்க்குச் செய்த ஆபரேஷனின் பஞ்சு இருந்த நோயையும் கூட்டியிருக்கிறது.

சுத்தம் செய்து, புது ஃபில்டர், கையேட்டில் சொன்ன தரத்தில் ஆயில். மூவாயிரத்துச் சொச்சம். முள் ஏறியது. சத்தம் நின்றது.

இனி வாத்தியார் வேலை. வீட்டில் ஊசி இல்லாத சிரிஞ்ச் இருந்தால் எடுங்கள். முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வாயை விரலால் அடைத்து, தண்டை அழுத்துங்கள். அசையாது. இப்போது கொஞ்சம் காற்றையும் இழுத்துக்கொண்டு அழுத்துங்கள். பொதுக்கென்று உள்ளே போகும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் செய்து காட்டியது. ஹைட்ராலிக் டாப்பெட் என்பது இந்த சிரிஞ்ச்தான், வேறொன்றும் இல்லை.

கட்டைவிரல் அளவுகூட இல்லாத இரும்புக் குப்பி. உள்ளே ஒரு தண்டு, ஒரு ஸ்பிரிங், வந்த ஆயில் திரும்பிப் போகாமல் அடைக்க ஒரு குட்டிக் குண்டு. வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் தண்டைத் தள்ளி இடைவெளியை நிரப்பும், ஆயில் உள்ளே வரும். கேம் வந்து அமுக்கும்போது குண்டு வாசலை அடைக்கும். சிக்கிய ஆயில் அமுங்காது, அதனால் குப்பி கட்டி இரும்பு போல நின்று வால்வைத் திறக்க வைக்கும். சூட்டில் உலோகம் நீண்டாலும், தேய்ந்து இடைவெளி கூடினாலும், தன் உயரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். 1930இல் கேடிலாக்கின் 16 சிலிண்டர் காரிலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. நம்மூரில் அம்பாசிடர் ஓடின காலம் முழுக்க ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகி, ஒவ்வொரு டாப்பெட்டாக கேப் வைத்துக்கொண்டிருந்தோம். நம்மூர் டாக்ஸிக்காரர்கள் கைக்கு ஹைட்ராலிக் டாப்பெட் பரவலாக வந்தது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் என்ஜினோடு என்று சொல்லலாம். 2007இல் ஸ்விஃப்டிலும் அடுத்த வருடம் டிசையரிலும் வந்த அதே 1248 சிசி என்ஜின். நாலு சிலிண்டர், பதினாறு வால்வு, பதினாறு டாப்பெட்.

என்ஜினில் குறை இல்லை. நல்ல என்ஜின். 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆகவே இன்று ஓடுவதெல்லாம் வயதான வண்டிகள். டாக்ஸிக்காரர்கள் கையில்தான் நிறைய. சத்தம் வரத்தான் செய்யும். சத்தம் வந்தால் என்ன செய்கிறோம் என்பதுதான் என் சண்டை.

மச்சில் இருக்கும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் குழாயை மாற்றுவோமா, கீழே மோட்டாரைப் பார்ப்போமா? டாப்பெட் இருப்பது என்ஜினின் மச்சு. பம்ப் இருப்பது கீழே. ஆயில் குறைந்தாலும், கெட்டாலும், ஃபில்டர் அடைத்தாலும், பம்ப் தேய்ந்தாலும், ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றி கிராங்க் அதை நுரைக்கடித்தாலும், முதலில் கத்துவது மச்சில் இருக்கும் டாப்பெட்தான். தகவல் கொண்டுவந்தவனை அடித்துத் துரத்திவிட்டுப் புதிய ஆளை வைத்தால் தகவல் மாறுமா? புதிய டாப்பெட் இறுக்கமாக இருப்பதால் பத்து நாள் சத்தம் அடங்கும். அந்தப் பத்து நாளும் அதே பட்டினி ஆயிலில் கிராங்க் பேரிங்கும் டர்போவும் தேய்ந்துகொண்டிருக்கும். தம்பி அந்தப் பத்து நாளில் இரண்டு தடவை ராத்திரியில் ஆரல்வாய்மொழி வழியாகக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

"ஆயில் விளக்கு எரியலையே" என்பார்கள். பிரஷர் கிட்டத்தட்டச் செத்தபின்தான் அந்த விளக்கு எரியும். அது எரியவில்லை என்பது நல்ல பிரஷருக்குச் சான்றிதழ் அல்ல. இன்னொரு கூட்டம் கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கும். சிறு துவாரங்களில் ஓடவேண்டிய ஆயிலைக் கெட்டியாக்கினால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் மேலே போய்ச் சேர இன்னும் நேரமாகும், அவ்வளவுதான். (இரவு முழுக்க நின்ற வண்டி முதல் சில விநாடி டக் டக் என்பது நோயே அல்ல. வடிந்த ஆயில் நிரம்பும் நேரம் அது. அதற்கெல்லாம் பணிமனைக்கு ஓடாதீர்கள்.)

சத்தம் டாப்பெட்தானா என்பதே முதலில் தெரியவேண்டும். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதனால் டாப்பெட் என்ஜின் வேகத்தில் பாதித் தாளத்தில் தட்டும். ஆனால் இஞ்செக்டரும் அதே பாதித் தாளம்தான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஒழுகினாலும் டப் டப் என்று அதே மாதிரி கேட்கும். ஐந்து நிமிடம் காது கொடுத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது எதிர்த்தரப்பு. பணிமனை நடத்தும் ஒரு பழைய மாணவர் போனில் சொன்னது இது: "சாரே, ஒண்ணு போனா எல்லாத்தையும் மாத்தறதுதான் சரி. லேபர் ஒண்ணுதானே." ஒத்துக்கொள்கிறேன். இந்த என்ஜினில் டாப்பெட்டைத் தொட கேம் ஷாஃப்டுகளைத் தாங்கும் மேல்கூட்டையே தூக்கவேண்டும். டைமிங்கை அசையாமல் பூட்டத் தனி பின்கள் வேண்டும். அவ்வளவு தூரம் போய்விட்டு ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மூடுவது முட்டாள்தனம். டாப்பெட்தான் குற்றவாளி என்று நிரூபித்தபின் செட்டாக மாற்றுங்கள், யார் வேண்டாம் என்றது? மாற்றும்போதும் முறை உண்டு. புதிதை மாட்டிய கையோடு செல்ஃப் அடிக்கக்கூடாது. குப்பி நிரம்பி உயர்ந்து நின்றால் வால்வு முழுக்க மூடாமல் பிஸ்டனில் இடிக்கலாம். அரைமணி நேரமாவது விட்டு, முதலில் கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். பழையதையே திரும்பப் போடுவதானால் எது எந்தக் குழியிலிருந்து வந்ததோ அதே குழிக்குப் போகவேண்டும். அண்ணாச்சி அதற்கு நம்பர் எழுதிய முட்டை அட்டை வைத்திருக்கிறார். கேஜுக்கும் முட்டை அட்டைக்கும் என்ன பெரிய முதலீடு?

அந்த மாணவர் சொன்ன இரண்டாவது விஷயத்துக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "பிரஷர் பாக்க ஒரு மணிக்கூர் ஆவும். 500 ரூவா கேட்டா, பாத்ததுக்கா காசுன்னு சண்டைக்கு வருவாங்க. அதே ஆளு 30,000க்கு சாமான் மாத்துனா வாய் திறக்காம குடுப்பாரு." உண்மை. நானே அப்படித்தான். டாக்டருக்குப் பார்க்க ஃபீஸ் கொடுப்போம், மெக்கானிக்குக் கொடுக்கமாட்டோம். பார்ப்பதற்குக் கூலி இல்லாத இடத்தில் பார்க்கிறவன் எப்படிப் பிழைப்பான்? தம்பியும் சுத்தமில்லை. 10,000 கிலோமீட்டரில் மாற்றவேண்டிய ஆயிலை 17,000 வரை ஓட்டியிருக்கிறார். திட்டிவிட்டேன்.

ஆனாலும் பழியைப் பங்கு போட்டுக் கலைந்துபோக நான் தயாராக இல்லை. 31,000 வாங்கினவர்களுக்குத்தான் கேஜ் வைக்கும் கடமை. வடசேரியில் நம்முடைய கோயில் நகை செய்கிற ஆசாரிமார் பழைய தங்கத்தை நம் கண்முன்னே உரைத்துக் காட்டாமல் உருக்குவார்களா? உருக்கினால் விடுவோமா? கோணம் ஐ.டி.ஐ.யில் நம் பிள்ளைகள் இரண்டு வருடம் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு வருகிறார்கள். அவர்களைப் பணிமனையில் என்ன செய்யச் சொல்கிறார்கள்? பழையதைக் கழற்று, புதியதை மாட்டு. ஏன் போனது என்று கேட்கிற பையனுக்கு "நேரத்தைக் கொல்லாதே" என்று ஏச்சு.

கடைசியாக, பில். தம்பிக்குக் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. பழைய பதினாறு டாப்பெட்டும் திரும்பத் தரவில்லை. தந்திருந்தால் அண்ணாச்சி அமுக்கிப் பார்த்தே எத்தனை போயிருந்தது என்று சொல்லியிருப்பார். ஒன்றுகூடப் போகாமலும் இருந்திருக்கலாம், இனி யாருக்கும் தெரியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. டாக்ஸி என்பதால் வணிக உபயோகம், கேஸ் நிற்காது என்று யாரோ தம்பியைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். தவறு. சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்துகிறவரும் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். 5 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. நடந்த நாளிலிருந்து இரண்டு வருட அவகாசம் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் கேட்கலாம் என்று முடிவு. நாளை காலை பத்து மணிக்கு நானும் தம்பியும் அந்தப் பணிமனைக்குப் போகிறோம். முறையான பில், பழைய டாப்பெட் பதினாறு, முதல் நாள் பிரஷர் எவ்வளவு இருந்தது என்ற கணக்கு. இந்த மூன்றும்தான் கேட்கப்போகிறோம். யாரும் சத்தம் போட வரவேண்டாம், சத்தம் ஏற்கனவே நிறையக் கேட்டாயிற்று. கூட நின்று பார்க்க விரும்புகிறவர்கள் ஒன்பதரைக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டு முன்னால் வாருங்கள். சிரிப்புக் குறி போட்ட அந்த நாலைந்து பேரும் வரலாம். டீ என் செலவு.