லேப்டாப் கொதிக்குதா? புதுசு வாங்கும் முன் ஒரு நிமிஷம்... தென்காசி வெயிலும் ஒரு துளி தெர்மல் பேஸ்ட்டும்!

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரமே குளுகுளுவென்று மாறிவிடும். ஆனால் அதற்கு முந்தைய பங்குனி, சித்திரை மாதங்கள் அப்படி இல்லை. வெயிலில் மனுஷங்க மட்டுமல்ல, மேஜை மேல் இருக்கும் லேப்டாப்பும் சேர்ந்தே தவிக்கிறது. ஃபேன் சத்தம் அதிகமாகிறது, வீடியோ மீட்டிங் நடுவே திரை திக்குகிறது, சில நேரம் திடீரென்று ஆஃப் ஆகிவிடுகிறது.

'பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்' என்று பலரும் உடனே முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆனால் பல நேரங்களில் கோளாறு சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஒரு சின்ன டியூபில் தீர்ந்துவிடக்கூடியது. அதுதான் தெர்மல் பேஸ்ட். அது என்ன செய்கிறது, எப்போது மாற்ற வேண்டும், எப்போது மாற்றத் தேவையே இல்லை? விரிவாகப் பார்க்கலாம்.

தென்காசிக்கு இது ஏன் முக்கியம்?

திருநெல்வேலியில் இருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமானது தென்காசி. விவசாயமும் குற்றால சீசனும்தான் இதன் பழைய அடையாளம். இப்போது அதோடு கம்ப்யூட்டரும் சேர்ந்துவிட்டது. மத்தளம்பாறையில் இயங்கும் சோஹோ அலுவலகம் இதற்கு முக்கியக் காரணம். உலகம் முழுக்க நிறுவனங்கள் பயன்படுத்தும் 'சோஹோ டெஸ்க்' மென்பொருள் இங்கேதான் உருவாக்கப்பட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவும் இந்தப் பகுதியில் தங்கியே வேலை பார்த்து வருகிறார்.

கொரோனா காலத்துக்குப் பிறகு சொந்த ஊரில் இருந்தபடியே ஐடி வேலை பார்ப்பவர்களும் கூடியிருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் கையிலும் லேப்டாப் வந்துவிட்டது. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் கொடுக்கப்படும் என்று 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது.

பெரிய அலுவலகத்தில் ஏசி இருக்கும், பழுது பார்க்கத் தனி ஆள் இருப்பார். வீட்டில் அப்படி இல்லை. மொட்டை மாடி வெயில் இறங்கும் அறையில், ஏசி இல்லாமல் ஓடும் லேப்டாப்புக்கு அதன் சின்ன ஃபேனும் உள்ளே பூசிய பேஸ்ட்டும்தான் பாதுகாப்பு.

சூடு எங்கிருந்து வருது?

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்க வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. சாதாரண லேப்டாப் பிராசஸர் 15 முதல் 28 வாட் வரை எடுக்கும். டெஸ்க்டாப்பில் இது இன்னும் அதிகம். இன்டெல்லின் கோர் ஐ9-14900கே போன்ற பெரிய பிராசஸர் முழு வேகத்தில் 253 வாட் வரை போகும்.

பிராசஸரின் பரப்பளவோ கட்டைவிரல் நகம் அளவுதான். அவ்வளவு சின்ன இடத்தில் பிறக்கும் சூட்டை உடனுக்குடன் வெளியேற்ற வேண்டும். அதற்காகத்தான் செம்பு அல்லது அலுமினியத்தில் ஹீட் சிங்க்கும், அதன் மேல் ஃபேனும் வைக்கிறார்கள்.

வெப்பம் எல்லை மீறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல இன்டெல் சிப்களில் இந்த எல்லை 100 டிகிரி. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை டெஸ்க்டாப் சிப்களில் பெரும்பாலும் 95 டிகிரி. இதைத்தான் 'தெர்மல் த்ராட்லிங்' என்கிறார்கள். 'லேப்டாப் ஸ்லோ ஆயிடுச்சு' என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி உண்மையில் இதுதான். மெஷின் கெட்டுப்போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

பேஸ்ட் அங்கே என்ன செய்யுது?

பிராசஸரும் ஹீட் சிங்க்கும் பார்க்க வழவழப்பாக இருந்தாலும், நுணுக்கிப் பார்த்தால் இரண்டிலும் மேடு பள்ளம் இருக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சில இடங்கள்தான் ஒட்டும். மீதி இடுக்குகளில் காற்று நிற்கும். காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படுமோசம்.

எண்ணிக்கையில் பார்த்தால் புரியும். வெப்பம் கடத்தும் திறன் காற்றுக்குச் சுமார் 0.026. நல்ல தெர்மல் பேஸ்ட்டுக்கு 8 அளவில். செம்புக்குச் சுமார் 400. அதாவது பேஸ்ட் காற்றைவிடச் சுமார் 300 மடங்கு மேல். ஆனால் செம்பைவிட 50 மடங்கு கீழ்.

இந்த இரண்டாவது கணக்கைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பேஸ்ட் என்பது குளிர வைக்கும் மருந்து அல்ல. உலோகம் ஒட்டாத இடுக்கை நிரப்புவது மட்டும்தான் அதன் வேலை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவது மாதிரி, மெல்லிசாக இருந்தால்தான் சரி. அள்ளிப் பூசினால் வாய் வெந்துவிடும். இங்கேயும் கனமாகப் பூசினால் பேஸ்ட்டே வெப்பத்துக்குத் தடையாகிவிடும்.

சீசனில் நல்லா ஓடுது, கோடையில் திணறுது... ஏன்?

குற்றாலம், தென்காசிக்காரர்கள் எளிதாகப் புரிந்துகொள்ளக்கூடிய கணக்கு இது. பிராசஸரின் வெப்பம் என்பது அறையின் வெப்பத்தோடு, அது எடுக்கும் ஒவ்வொரு வாட்டுக்கும் ஏறும் வெப்பத்தைக் கூட்டினால் வருவது.

ஒரு உதாரணம். நல்ல நிலையில் உள்ள லேப்டாப்பில் ஒரு வாட்டுக்கு 2 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 28 வாட் எடுத்தால் 56 டிகிரி ஏறும். சாரல் காலத்தில் அறை 28 டிகிரி என்றால் பிராசஸர் 84 டிகிரி. கோடையில் அறை 38 டிகிரி என்றால் 94 டிகிரி. இரண்டுமே 100-க்குக் கீழே, பிரச்னை இல்லை.

இப்போது பேஸ்ட் காய்ந்து, தூசியும் அடைத்து, ஒரு வாட்டுக்கு 2.5 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாரல் காலத்தில் 98 டிகிரி. எப்படியோ தப்பித்துவிடும். கோடையில் 108 வர வேண்டும். அது முடியாது என்பதால் பிராசஸர் 28 வாட்டில் இருந்து 25 வாட்டுக்கு இறங்கி, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அதாவது கோளாறு ஆடி மாதத்திலும் அதே அளவு இருக்கிறது. சாரல் அதை மறைத்துவிடுகிறது. 'சீசனில் நல்லாத்தான் இருந்துச்சு' என்று சொல்லப்படும் லேப்டாப்பைக் கோடை வரும் முன்பே கவனிக்க வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

பேஸ்ட் ஏன் கெட்டுப்போகுது?

பிராசஸர் சூடாகும்போது விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. தினமும் இது நடக்க நடக்க, நடுவில் இருக்கும் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. அதில் உள்ள எண்ணெய்ப் பசையும் காலப்போக்கில் பிரிந்து வற்றிவிடுகிறது. மிச்சம் இருப்பது காய்ந்த சுண்ணாம்பு மாதிரி ஒரு பொருக்கு. இடுக்குகளில் மறுபடியும் காற்று வந்துவிடுகிறது.

இதற்கு இத்தனை வருஷம்தான் என்று நிலையான கணக்கு கிடையாது. மெஷின், பேஸ்ட், பயன்பாடு மூன்றையும் பொறுத்தது. 'வருஷா வருஷம் மாத்தியே ஆகணும்' என்று யாராவது சொன்னால் நம்பி அவசரப்பட வேண்டாம்.

விலை கூடிய பேஸ்ட்தான் வேணுமா?

லேப்டாப்புக்குப் பெரும்பாலும் தேவையில்லை. தோராயமாக ஒரு கணக்கு: ஒன்றரை சதுர சென்டிமீட்டர் பரப்பு, 0.05 மில்லிமீட்டர் கனம், 28 வாட். திறன் 8 உள்ள பேஸ்ட்டில் வெப்பம் சுமார் 1.2 டிகிரி ஏறும். திறன் 12 உள்ள விலை கூடிய பேஸ்ட்டில் 0.8 டிகிரி. வித்தியாசம் அரை டிகிரிகூட இல்லை. ஆனால் 8 திறன் பேஸ்ட்டையே நாலு மடங்கு கனமாகப் பூசினால் கிட்டத்தட்ட 5 டிகிரி ஏறிவிடும். ஆக, டியூபின் விலையைவிடப் பூசும் கையே முக்கியம்.

'லிக்விட் மெட்டல்' என்ற காலியம் கலவையும் கிடைக்கிறது. வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும். பிளேஸ்டேஷன் 5-இல் சோனி இதைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் இது மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி சிந்தினாலும் ஷார்ட் ஆகலாம். அலுமினியத்தையும் அரித்துவிடும். வீட்டில் முயற்சி செய்யும் விஷயம் அல்ல.

டூத் பேஸ்ட் வைத்தால் போதும் என்று சில வீடியோக்கள் சுற்றுகின்றன. அதில் இருக்கும் ஈரம் சூட்டில் சீக்கிரமே வற்றிவிடும். அதன் பிறகு பழைய நிலையைவிட மோசமாகலாம். தவிர்ப்பதே நல்லது.

முதலில் எதைப் பார்க்கணும்?

பேஸ்ட்டைக் கடைசியில் பாருங்கள். முதல் மூன்று இவை:

* லேப்டாப்பை மெத்தை, தலையணை மேல் வைத்துப் பயன்படுத்துகிறீர்களா? அடியில் காற்று போகும் வழி அடைபட்டிருக்கும். கெட்டியான பலகை, மேஜை மேல் வைத்துப் பாருங்கள்.
* ஃபேன், அதன் வெளிவாசலில் தூசி அடைத்திருக்கிறதா? விசைத்தறி ஓடும் இடங்களிலும், மண் சாலை ஓரத்து வீடுகளிலும் இது அதிகம்.
* பின்னணியில் தேவையில்லாத மென்பொருள், வைரஸ் ஏதாவது பிராசஸரை ஓட வைத்துக்கொண்டே இருக்கிறதா?

எச்டபிள்யூ மானிட்டர், கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருட்களில் வெப்பத்தைப் பார்க்கலாம். சும்மா இருக்கும்போதே 70 டிகிரி, ஒரு வீடியோ போட்டதும் 95-ஐத் தாண்டுகிறது, தூசி தட்டிய பிறகும் குறையவில்லை என்றால் பேஸ்ட் மேல் சந்தேகப்படலாம்.

மாத்தும்போது கவனிக்க வேண்டியவை

* வாரண்டி இருந்தால் கழற்ற வேண்டாம். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள்.
* சார்ஜரை எடுத்த பிறகு, உள்ளே பேட்டரி இணைப்பையும் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும்.
* பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் முழுசாகத் துடைக்க வேண்டும். பழசின் மேலேயே புதுசைப் பூசக் கூடாது.
* ஹீட் சிங்க் திருகுகளில் 1, 2, 3 என்று எண் இருந்தால் அந்த வரிசையிலேயே முடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் சிப்பின் ஓரம் உடையலாம்.
* பக்கத்தில் உள்ள சிப்களின் மேல் இருக்கும் மெத்து மெத்தென்ற 'தெர்மல் பேட்'-ஐ எடுத்துவிட்டு அங்கேயும் பேஸ்ட் பூசக் கூடாது. அந்த இடைவெளி பேஸ்ட்டால் நிரம்பாது.

பழக்கம் இல்லாதவர்கள் கடையில் கொடுப்பதே பாதுகாப்பு. ஆனால் கொடுக்கும் முன் ஓடும்போது வரும் வெப்பத்தைக் குறித்துவைத்து, வாங்கும்போது அதே வேலையைக் கொடுத்து மறுபடி பாருங்கள். 10 டிகிரி குறைந்தால் காசு கொடுத்ததற்குப் பலன். ஒன்றிரண்டு டிகிரிதான் என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

உலகமே மோதிக்கொண்டிருக்கும் பிரச்னை

வீட்டு லேப்டாப்பில் இருக்கும் இதே சிக்கல்தான் ஏஐ டேட்டா சென்டர்களில் பிரம்மாண்டமாக நிற்கிறது. என்விடியாவின் எச்100 சிப் ஒன்று மட்டும் 700 வாட் வரை எடுக்கும். அடுத்து வந்த பி200 சுமார் 1,000 வாட். அதனால்தான் ஃபேனை விட்டுவிட்டு, சிப்பின் மேலேயே குழாயில் குளிர்ந்த திரவத்தை ஓடவிடும் முறைக்கு நிறுவனங்கள் மாறுகின்றன. அங்கேயும் சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய வெப்பக் கடத்தி இல்லாமல் முடியாது.

சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024-இல் உலக டேட்டா சென்டர்கள் பயன்படுத்திய மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி. மொத்த உலகப் பயன்பாட்டில் ஒன்றரை சதவீதம். 2030-இல் இது இரண்டு மடங்கைத் தாண்டும் என்பது கணிப்பு. குளிர வைப்பதற்கு மட்டும், நவீன மையங்களில் 7 சதவீதமும், திறன் குறைந்த இடங்களில் 30 சதவீதத்துக்கு மேலும் மின்சாரம் போகிறது. டேட்டா சென்டர்கள் குவியும் சென்னைக்கு இது நேரடியான கேள்வி.

ரிப்பேரா, புதுசா?

ஏஐ நிறுவனங்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டுபோவதால் 2025 கடைசியில் இருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. அது லேப்டாப் விலையிலும் எதிரொலிக்கிறது. இன்னொரு பக்கம் 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய மெஷின்களைத் தூக்கிப்போட அழுத்தம் கூடுகிறது.

தூக்கிப்போட்டால் எங்கே போகும்? ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம் மட்டுமே. பழுது பார்க்கும் உரிமைக்கான வழிமுறைகளை உருவாக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையிலேயே குழு அமைத்தது. ஆனாலும் திறக்க முடியாதபடி ஒட்டப்பட்ட மெஷின்கள் கடைகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

எல்லாப் பழைய லேப்டாப்பையும் பேஸ்ட் காப்பாற்றிவிடாது. மதர்போர்டு போனது, பேட்டரி உப்பியது எல்லாம் வேறு கதை. உப்பிய பேட்டரியை உடனே பயன்பாட்டில் இருந்து எடுக்க வேண்டும். ஆனால் சூடு மட்டும்தான் பிரச்னை என்றால், வரிசை இதுதான்: வெப்பத்தை அளந்து பாருங்கள், தூசி தட்டுங்கள், பிறகு பேஸ்ட். மூன்றும் முடிந்த பிறகும் சரியாகவில்லை என்றால் மட்டும் புதுசைப் பற்றி யோசிக்கலாம். அடுத்த பங்குனி வெயில் வருவதற்குள் இதைச் செய்துவிட்டால் இன்னும் நல்லது.