இரண்டு நாற்காலி போடுங்கள்

போன சாரல் சீசனில் என் மனைவியின் தங்கை மகள் இலஞ்சியில் எங்கள் வீட்டில் வந்து பத்து நாள் இருந்தாள். ஐந்தருவிக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு மெதுவாகச் சொன்னாள். "பெரியப்பா, கவுன்சிலிங் போனோம்லா, அங்க நான் சொன்னது முழுக்க எங்க அத்தை காதுக்குப் போயிட்டு."

புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்று எட்டு மாதம். யாரோ சொல்லி ஒரு குடும்ப நல ஆலோசகரிடம் போயிருக்கிறார்கள். எந்த ஊர், யார் என்பது இங்கே வேண்டாம். தனியாக உட்கார வைத்து, "மனசுல உள்ளதக் கொட்டும்மா" என்றாராம். பெற்ற தாயிடம் சொல்லாததையும் இவள் சொல்லிவிட்டாள். ஒரு வாரத்தில் மாமியார் அதை வார்த்தை பிசகாமல் திருப்பிக் கேட்டிருக்கிறார். ஆலோசகரிடம் போய்க் கேட்டால், ஃபீஸ் கட்டியது அந்த அம்மாதானே என்று பதில்.

"யார்ட்ட பெரியப்பா புகார் கொடுக்க?" என்றாள்.

புதுச்சேரி அரசில் 34 வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எந்த மனு எந்த மேசைக்குப் போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு வாய் திறக்க முடியவில்லை. டாக்டர் மேல் புகார் என்றால் மருத்துவ கவுன்சில் இருக்கிறது, வக்கீல் என்றால் பார் கவுன்சில். குற்றாலத்தில் அருவிக்கரையில் துண்டும் சோப்பும் விற்கக்கூட ஏலம் எடுக்க வேண்டும். குடும்பத்துக்குள் கை விடுகிறவருக்கு வாசலில் ஒரு போர்டு இருந்தால் போதும்.

சட்டமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2021-இல் நாடாளுமன்றம் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழிலர்களுக்காக ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. லேப் டெக்னீஷியன், பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் அதில் அடக்கம். மாநிலத்துக்கு ஒரு கவுன்சில் அமைத்து, பதிவேடு வைத்து, ஒழுங்கு மீறினால் விசாரிக்க வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் 50,000 ரூபாய் அபராதம். ஆறு மாதத்தில் கவுன்சில் அமைய வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ள கெடு. மூன்று வருஷம் கழித்து, 2024 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றம் தலையிட்டு இன்னும் இரண்டு மாதம் கெடு வைக்க வேண்டி வந்தது.

அந்தச் சட்டத்தின் அட்டவணையைப் பொறுமையாகப் படித்தேன். உளவியலாளர், சமூகப் பணியாளர், எச்.ஐ.வி. ஆலோசகர், தாய்ப்பால் ஆலோசகர் எல்லோரும் ஒரே பிரிவில் இருக்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆலோசகர் உண்டு. உடைந்த குடும்பத்தை உட்கார வைத்துப் பேசுகிறவர் என்று தனிப் பெயர் கிடையாது. ஏதோ ஒரு பெயருக்குள் அவரும் நுழைந்துகொள்ள வேண்டியதுதான்.

அது போகட்டும், பெயரைப் பிறகு சேர்க்கலாம். என் சண்டை கவுன்சிலில் யார் உட்காருகிறார்கள் என்பதில். தலைவர், அந்தத் துறையிலேயே 25 வருஷம் இருந்தவர். அரசின் மருத்துவத் துறை சார்பில் ஒருவர், மருத்துவக் கல்லூரிகள் சார்பில் இருவர், தர்ம ஸ்தாபனங்கள் சார்பில் இருவர், ஒவ்வொரு தொழில் பிரிவுக்கும் இரண்டிரண்டு பேர். மாநில அரசு நியமிக்கிற கவுன்சில். ஆலோசனைக்குப் போய் நொந்து திரும்பியவருக்கு என்று ஒரு நாற்காலிகூட ஒதுக்கவில்லை.

ஒரு வாரியத்துக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதும் வேலை எனக்குச் சில வருஷம் இருந்தது. எது என்று சொல்லப் போவதில்லை. உறுப்பினர் எல்லோரும் அந்தத் தொழில்காரர்கள், ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகிறவர்கள். ஒரு விதவை அம்மாள் கொடுத்த புகார் ஐந்து கூட்டங்களில் பொருள்நிரலில் வந்தது. டீ, பிஸ்கட், பயணப்படி பில் எல்லாம் குறையில்லாமல் நடந்தது. ஐந்து முறையும் 'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று என் கையால் எழுதினேன். ஆறாவது கூட்டத்துக்கு முன்பே அந்த அம்மாள் காலமாகிவிட்டார். 'மனுதாரர் இறந்ததால் கோப்பு முடிக்கப்பட்டது' என்று எழுதியதும் இந்தக் கைதான். அந்த அறையில் அவரை மாதிரி ஒருவர் உட்கார்ந்திருந்தால் மூன்றாவது முறையாவது "ஏன் தள்ளுகிறீர்கள்?" என்று கேட்டிருப்பார்.

பொதுஜனத்துக்கு இந்தத் தொழிலின் நுணுக்கம் தெரியுமா என்று கேட்பார்கள். ஒருத்தி நம்பிச் சொன்னதை மாமியாரிடம் சொல்வது தப்பு என்று தெரிய எம்.ஏ. படிக்க வேண்டுமா? நம் நாட்டிலேயே வழி இருக்கிறது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், மாநில மனநல ஆணையத்தில் மனநோய் உள்ளவர்கள் அல்லது இருந்து மீண்டவர்கள் சார்பில் இருவர், அவர்களைப் பராமரிக்கிறவர்கள் சார்பில் இருவர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாலு வருஷம் கழித்துச் சட்டம் எழுதியவர்கள் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை போலிருக்கிறது. கலிபோர்னியாவில் குடும்ப ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கிற வாரியத்தில் 13 பேர், அதில் 7 பேர் அந்தத் தொழிலில் இல்லாத பொதுமக்கள். கூட்டத்தின் பொருள்நிரலைப் பத்து நாள் முன்பே வெளியிட வேண்டும், யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம். அமெரிக்காக்காரன் செய்வதெல்லாம் சரி என்கிற ஆள் இல்லை நான். இது சரி.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆகையால் இன்னொன்றும் தோன்றுகிறது. பிரெஞ்சில் டாக்டர்களின் மன்றத்துக்கு 'ஓர்த்ர்' என்று பெயர். கட்டளைக்கும் ஒழுங்குக்கும் அதே சொல்தான். பையனாக இருந்தபோது குழம்பியிருக்கிறேன். உளநல சிகிச்சையாளர் என்ற பட்டத்துக்கு 2004-இல் சட்டம் போட்ட அந்த நாட்டில் விதிகள் வர 2010 ஆயிற்று. தாமதம் நமக்கு மட்டும் சொந்தமில்லை என்பதற்காகச் சொன்னேன்.

சென்னையில் சுகாதாரத் துறைச் செயலாளருக்கு ஒரு மனு தயார் செய்திருக்கிறேன். கேட்டிருப்பது மூன்றுதான். ஆலோசனை பெற்றவர்கள் சார்பில் கவுன்சிலில் இரண்டு இடம், அதற்குச் சட்டத்தைத் திருத்த மத்திய அரசுக்குப் பரிந்துரை. புகார் வந்தால் இத்தனை நாளுக்குள் முடிவு என்ற கெடு. யார் பதிவு பெற்றவர், யார் மேல் நடவடிக்கை என்பதைத் தென்காசியில் இருக்கிறவரும் பார்க்கக்கூடிய பதிவேடு. பெண்ணின் பெயரை எழுதவில்லை, அவள் கேட்டுக்கொண்டாள். இப்போது தாய்வீட்டில் இருக்கிறாள்.

கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம். பேனா நான் வைத்திருக்கிறேன், கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள்.