தோட்டத்துக்கு நாய் வாங்குகிறீர்களா?

என்னோடு அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பர் போன வாரம் போன் செய்தார். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் அழகர்கோவில் பக்கம் ஒன்றரை ஏக்கர் வாங்கியிருக்கிறார். "பத்து வெள்ளாடு விடப்போறேன் சார். காவலுக்கு ஒரு ராஜபாளையம் வாங்கிடலாம்ல?" என்றார். வேண்டாம் என்றேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன், அவரும் படிப்பார்.

8 வருடங்களுக்கு முன் நானும் இதைத்தான் செய்தேன். பேரையூர் பக்கம் 80 சென்ட் நிலம், கிணறு, தகரக் கொட்டகை, 12 ஆடுகள். காவலுக்கு, ஒரு வயது முடிந்த சிப்பிப்பாறை நாய். அழகான நாய். மோட்டார் ரூம் பக்கத்தில் சங்கிலியில் கட்டி வைத்தேன். நான் படுத்ததோ மதுரை வீட்டில். அடுத்த மாசியில் ஒரு ராத்திரி, தோட்டத்தில் படுக்கும் ஆள் திருவிழாவுக்குப் போய்விட்டார். விடிந்து பார்த்தால் 5 ஆடுகள் செத்துக் கிடந்தன. நரி இல்லை. கண்மாய்க்கரையில் கொட்டுகிற கோழிக்கழிவைத் தின்று கூட்டமாகத் திரியும் தெருநாய்கள். தின்னக்கூட இல்லை, கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தன. அதில் ஒன்று சினை ஆடு. என் நாய் விடிய விடியக் குரைத்ததாம், பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னார். சங்கிலியில் கிடந்து வேறென்ன செய்யும்?

காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். மொஸ்யே செகேன் என்பவரின் ஆட்டைப் பற்றி அல்போன்ஸ் தோதே எழுதிய கதை எங்களுக்குப் பாடம். ஆறு ஆடுகளை ஓநாய்க்குப் பறிகொடுத்தவர் ஏழாவதாக ஒன்று வாங்குவார். அதுவும் மலைக்கு ஓடிப்போய், ராத்திரி முழுக்க ஓநாயோடு முட்டி, விடியும் நேரத்தில் சாகும். சின்ன வயதில் ஆட்டுக்காக அழுதேன். இப்போது செகேன் மேல்தான் கோபம் வருகிறது. என் மேலும்தான்.

1992-ல் இத்தாலிப் பக்கமிருந்து ஓநாய்கள் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைக்குத் திரும்பி வந்தன. ஆட்டுக்காரர்கள் 'பத்தூ' என்கிற பெரிய வெள்ளை நாய்களை மறுபடி தேடிப் போனார்கள். உருவம் மட்டும் காரணமில்லை. இரண்டு மாதக் குட்டியாக இருக்கும்போதே அதைப் பட்டிக்குள் விட்டு ஆட்டோடேயே வளர்க்கிறார்கள். ஆடுதான் தன் சொந்தம் என்று அது நினைத்துக்கொள்கிறது.

இதற்கு பிரான்ஸ் வரை போகவேண்டியதில்லை. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து வந்து நம் வயல்களில் கிடை போடுகிறார்களே, அவர்களோடு வருவது சாதாரண நாட்டு நாய்தான். அந்த வருடம் பக்கத்து வயலில் கிடை போட்ட கீதாரி என் சிப்பிப்பாறையைப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, இது முயல் பிடிக்கிற நாயி. ஓடுறதைக் கண்டா விரட்டும், ஆட்டுக்குட்டி ஓடினாலும் விரட்டும். குட்டியிலருந்து ஆட்டோட கிடந்த நாயிதான் ஆட்டைக் காக்கும்."

சரியாகத்தான் சொன்னார். சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கு என்றே வளர்த்தவை. ராஜபாளையம் வீட்டுக் காவலுக்கு நல்ல நாய். (அதில் செவிட்டுக் குட்டிகளும் பிறப்பதுண்டு, வாங்குகிறவர்கள் கை தட்டிப் பார்த்து வாங்கவும்.) நம் ஊர் இனங்களை வளர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வளர்ந்த நாயை விலை கொடுத்து வாங்கி, பட்டி வாசலில் கட்டிவிட்டு, டவுனில் போய்த் தூங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நண்பரே, ராத்திரி அங்கே யார் படுப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஆடே வேண்டாம், கொய்யா வையுங்கள். ஆள் உண்டென்றால் கிடைக்காரர்களிடம் ஒரு குட்டி கேளுங்கள். அதற்கு வெறிநாய்த் தடுப்பூசி, ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி, இரண்டையும் மறக்காதீர்கள்.

சிப்பிப்பாறையைத் தங்கை மகன் கொண்டுபோனான். தோட்டத்தில் இப்போது ஒரு குடும்பத்தையே குடிவைத்திருக்கிறேன். கீதாரி கொடுத்த செவலைக் குட்டிக்கு 7 வயதாகிறது. ஆடுகளுக்கு நடுவில்தான் படுக்கும். வாரம் ஒருமுறை போகும் என்னைப் பார்த்து இன்னும் உறுமுகிறது.