கோயிலைப் படித்துவிட்டுப் போங்கள்

அர்ச்சகர் நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள் மந்திரங்களை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடக் கூடாது. விண்ணப்பித்த கோயிலையும் படிக்க வேண்டும். வழிபாட்டு முறையை வகுக்கும் ஆகமம் கோயிலுக்குக் கோயில் வேறு: திருவரங்கத்தில் பாஞ்சராத்திரம், திருவல்லிக்கேணியில் வைகானசம். சிவாலயங்களிலும் காமிகம், காரணம் என்று ஆகமம் மாறும். இந்த அறிவுக்கு எடை கூட்டியவை நீதிமன்றத் தீர்ப்புகள். 1972-இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அர்ச்சகர் நியமனத்தை மதச்சார்பற்ற செயல் என்றது. ஆகமத்தில் தேர்ந்தவருக்குச் சாதி தடையல்ல என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பிறப்பு விலகிய இடத்தில் அறிவுதான் நிற்க வேண்டும். அதைச் சோதிக்கும் நேர்காணல் பெயரளவுக்கு நடந்தால் அந்தத் தீர்ப்புகளுக்கே பொருளில்லை.

பக்தியை நேர்காணலில் அளக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாதுதான். ஆனால் உச்சரிப்பை, அபிஷேக அலங்காரத்தில் கை பழகியிருப்பதை, வரிசையில் தளர்ந்து நிற்கும் மூதாட்டியிடம் பேசும் பதத்தைப் பார்க்க முடியும். அப்பாவின் பக்கத்தில் நின்று சிறுவயதிலேயே கற்றவருக்குத்தானே இது சாதகம் என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மை, முதல் தலைமுறையாக வருகிறவருக்குக் கருவறைப் பழக்கம் வீட்டில் கிடைக்காது. அதற்காகக் கேள்விகளை எளிதாக்குவது அவருக்கே அவமரியாதை. நேர்காணலுக்கு முன் சில மாதங்கள், அதே ஆகமம் வழங்கும் கோயிலில் மூத்த அர்ச்சகருக்கு உதவியாக நிற்க அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும், உதவித்தொகையோடு.