கபிலர் தோழியாகலாம், நம் மாணவர் ஆகக் கூடாதா?

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்கிறார்கள். ஒருவர் கதைக்களத்தை விரிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று அதன் வாயால் பேசுகிறார்கள். முடிவு ஐயமாகும் இடத்தில் பகடை உருட்டுகிறார்கள். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. இதைத் தமிழிலக்கியத்தோடு சேர்த்துப் பேசினாலே முகஞ்சுளிக்கும் தமிழாசிரியர்கள் நம்மிடையே உண்டு. இறக்குமதிச் சரக்கு என்பது அவர்களது முதல் குற்றச்சாட்டு. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்பது இரண்டாவது. முதலாவது பொருளற்றது. இரண்டாவது உண்மை, ஆனால் அதற்குப் பொறுப்பு நம்முடையது.

குறிஞ்சிப்பாட்டை வகுப்பில் நடத்துகிறோம். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடியது என்பது மரபு. எப்படி அறிவுறுத்தினார்? இலக்கண விதிகளை ஒப்பிக்கவில்லை. தாமே தோழியாகி, செவிலியை முன்னிறுத்தி, 261 அடிகளில் பேசினார். அகப்பாடல் முழுவதுமே இத்தகைய பாத்திரமேற்புதானே? தொல்காப்பியப் பொருளதிகாரம் எவர் எச்சூழலில் பேசலாம் என்று வகுக்கிறது; முதல், கரு, உரி என்று களம் அமைக்கவும் கற்றுத் தருகிறது. மேசை விளையாட்டின் விதிநூல் செய்வதும் பெரும்பாலும் இதுவே. (பகடை மட்டும் தொல்காப்பியரிடம் இல்லை.) அமெரிக்கனுக்கு முன்பே நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை, அந்த நோய் ஏற்கெனவே வேண்டிய மட்டும் பரவியிருக்கிறது. கூற்று என்பதை ஐந்து மதிப்பெண் வினாவாகச் சுருக்கிவிட்ட நம் வகுப்பறையில், ஒருமுறையேனும் தலைவியாகவோ பாணனாகவோ வாய் திறந்து பேசாமலேயே மாணவர் முதுகலைப் பட்டம் பெற்றுவிடுகிறார் என்பதே நம் வருத்தம்.

இனி இரண்டாவது குற்றச்சாட்டு. அபிராமபுரத்தில் நாம் குடியிருக்கும் தெருவில் இவ்விளையாட்டை ஆங்கிலத்தில் ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் உதவி தேவையில்லை. அதே தெருவிலிருந்து மாநகராட்சிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோ விதிநூலின் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவார்கள். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஸ்பானியத்திலும் ஜப்பானியத்திலும் வந்த நூல் தமிழில் வரவில்லை. உரிமை கிடைக்காது என்று இனிச் சாக்குச் சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டின் திறந்த உரிமத்தை இறுக்கப் பார்த்த பதிப்பு நிறுவனம், ஆடுவோரின் கடும் எதிர்ப்புக்குப் பணிந்து, 2023 ஜனவரியில் அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. ஏறத்தாழ 400 பக்கங்கள். மூலத்தைச் சுட்டினால் போதும். எவரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். எத்தனை தமிழ்த்துறைகள் இதைக் கவனித்தன?

நூல் மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அமெரிக்காவில் முதல் பதிப்பு ஆயிரம் பெட்டிகள்தாம், கையால் அடுக்கப்பட்டவை. விளையாட்டு பரவியதில் மாதிரி ரயில்களும் போர்வீரர் பொம்மைகளும் விற்ற சிறு 'ஹாபி' கடைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. படித்துப் புரிந்துகொள்வதைவிட ஆடுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து பழகுவது எளிது என்பதே காரணம். நம் பாட்டிமார் பல்லாங்குழி கற்றுக்கொண்டதும் அவ்வாறே. சென்னையில் 2002 முதல் வினிதா சித்தார்த்தாவின் 'கிரீடா' பல்லாங்குழி, தாயம், பரமபதம் ஆகியவற்றைப் பெட்டியிலிட்டு மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. பாராட்டத்தக்க பணி. ஆயினும் வாங்குகிற நாமோ அவற்றைக் கொலுப்படிக்கும் திருமணப் பரிசுக்கும் உரிய 'பாரம்பரியம்' ஆக்கி, ஆடாமலே அலமாரியில் வைத்துவிடுகிறோம்.

கடைக்காரர் கேட்பார்: மேசை போட இடமேது, வாடகை யார் தருவது? நியாயமான கேள்வி. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சதுர அடியின் விலை நமக்கும் தெரியும். ஆனால் விலையில் இணைய வணிகத்தோடு அவர் போட்டியிட முடியாது. மேசையும் நாற்காலியும் ஒரு மாலை நேரமும் அவரால் மட்டுமே தர முடியும். வாரத்தில் ஒருநாள், கூட்டமில்லாத பிற்பகலில், ஆறு நாற்காலிகள். இருக்கைக்குச் சிறு கட்டணம் வைக்கட்டும். ஆட வந்தவர் பகடை வாங்குவார், குறிப்பேடு வாங்குவார், அடுத்த வாரம் நண்பரை அழைத்து வருவார். அந்த நாற்காலிகளில் இரண்டையேனும் கட்டணமின்றித் தமிழ்வழி மாணவருக்கு ஒதுக்க வேண்டும் என்பது நம் ஒரே நிபந்தனை. தமிழில் ஆட்டம் நடத்த ஆள் வேண்டுமென்றால் கல்லூரித் தமிழ்த்துறைகளில் கேட்கட்டும். பாடத்திட்டத்துக்கு வெளியே தமிழ் பேச வாய்ப்புத் தேடும் மாணவர் அங்கே நிறைய உண்டு.

மொழிபெயர்ப்பில் சண்டை வரப்போவது கலைச்சொல்லில்தான். ஆட்டத்தை நடத்துபவரைச் சூத்திரதாரி என்பதா, கட்டியங்காரன் என்பதா என்று நம் நண்பர்களிடையே இப்போதே இரு கட்சிகள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதை சொல்கிறான், வேடதாரிகளை அறிமுகம் செய்கிறான், அவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்டுக் கேலியும் செய்கிறான். நம் வாக்கு அவனுக்கே.