சர்வர் வாங்கினால் மட்டும் போதுமா?

கல்லூரியைக் கணினிமயமாக்கப் போகிறோம் என்று யார் சொன்னாலும் எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒரே கேள்விதான். அதனால் மாணவனுக்கு எத்தனை பஸ் பயணம் மிச்சமாகும்?

பெருநகரத்தில் இருப்பவர்களுக்கு இது சில்லறை விஷயமாகத் தெரியலாம். எங்கள் வரிச்சிக்குடிக்காரர்களுக்கு அப்படி இல்லை. நாங்கள் இருப்பது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில். ஆனால் புதுச்சேரிக்குப் போகவேண்டும் என்றால் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து சுமார் 130 கிலோமீட்டர் போகவேண்டும். பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டு அதற்கும் வடக்கே. ஒரு கையெழுத்துக்காகப் போனால் அன்றைய நாள் காலி. சம்பந்தப்பட்டவர் லீவ் என்றால் இன்னொரு நாளும் காலி!

நாங்களாவது பரவாயில்லை. மாஹே கேரளக் கரையில் இருக்கிறது, ஏனாம் ஆந்திராவில். லட்சத்தீவும் அந்தமான் நிக்கோபாரும்கூட புதுவைப் பல்கலைக்கழகத்தின் அதிகார எல்லைக்குள் வருபவை. இப்படித் துண்டு துண்டாகக் கிடக்கும் நிலப்பரப்புக்கு நல்ல கணினி அமைப்பு ஆடம்பரம் அல்ல, அதுதான் ரோடு.

சரி, கல்லூரிகளில் கம்ப்யூட்டர் இல்லையா என்றால், இருக்கிறது. பிரச்சினை வேறு இடத்தில். பல கல்லூரிகளில் நடப்பதைப் பாருங்கள். விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பவேண்டும். பிறகு அதையே பிரிண்ட் எடுத்து, நாலு ஜெராக்ஸ் இணைத்து, கையெழுத்து வாங்கி, கவுண்டரில் கொடுக்கவேண்டும். அங்கே ஒருவர் அதைப் பார்த்து மறுபடியும் டைப் அடிப்பார். வேலை குறையவில்லை, இரட்டிப்பாகிவிட்டது. லாபம் ஜெராக்ஸ் கடைக்கு மட்டும்தான்.

பி.காம் படிப்பவர்களுக்கு இது உடனே உறுத்தும். டாலியில் ஒரு வவுச்சரை ஒரே ஒரு தடவைதான் பதிகிறோம். அது லெட்ஜர், டிரையல் பேலன்ஸ், பேலன்ஸ் ஷீட் என்று தானாகவே போய்ச் சேர்கிறது. கல்லூரியிலோ ஒரு மாணவனின் பெயரை அட்மிஷனில் ஒருவர், நூலகத்தில் ஒருவர், தேர்வுப் பிரிவில் ஒருவர், உதவித்தொகைக்கு இன்னொருவர் என்று தனித்தனியாக எழுதுகிறார்கள். நம் ஊர் இனிஷியல் வேறு! ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், இன்னோரிடத்தில் அப்பா பெயர் முழுசாக. 2021இல் வந்த அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ், டிஜிலாக்கர் போன்றவை ஆதாரில் இருக்கும் பெயரை எதிர்பார்க்கின்றன. மார்க் ஷீட்டில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் பையன் அலையவேண்டியதுதான்.

அதற்காக ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை பல்கலைக்கழகமே சாட்சி. 2017இல் விடைத்தாள்களை ஸ்கேன் செய்து திரையிலேயே திருத்தும் முறையைப் போதிய முன்தயாரிப்பு இல்லாமல் கொண்டுவந்தார்கள். 17 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைத்தாள்கள். ஜூலை 31க்குள் முடிவு வரவேண்டும் என்று ஆளுநர் கெடு வைத்தார். வரவில்லை. சில விடைத்தாள்கள் காணாமலே போயின. வணிகவியல், சட்ட மாணவர்கள் மேற்படிப்புக்கு மார்க் ஷீட் இல்லாமல் தவித்தார்கள். அக்டோபரில் துணைவேந்தர் பதவி நீக்கம் செய்யப்பட்டார். அவர் பதவி போனதால் மாணவர்கள் இழந்த மாதங்கள் திரும்பி வந்துவிடுமா?

நல்ல உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு 2017 வரை எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும் பெற்றோரோடு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டியிருந்தது. 2018இல் அது ஆன்லைனுக்கு மாறியது. அதில் எனக்குப் பிடித்தது வெப்சைட் இல்லை. சான்றிதழ் சரிபார்க்கவும், கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் விருப்பப் பட்டியலைப் பதியவும் மாவட்டங்களில் உதவி மையங்கள் வைத்தார்களே, அதுதான். ஆரம்பத்தில் குழப்பம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நாகப்பட்டினத்துப் பையன் சென்னைக்கு பஸ் ஏறவேண்டியதில்லை.

எனக்குத் தோன்றுபவை இவை:

1. பெயரையும் விவரத்தையும் ஒரு தடவைதான் கேட்கவேண்டும். அட்மிஷன் அன்று சரிபார்த்ததையே எல்லாப் பிரிவும் எடுத்துக்கொள்ளட்டும்.

2. ஒரு செமஸ்டராவது பழைய முறையும் புதிய முறையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடட்டும். இரண்டிலும் கணக்கு ஒத்துப்போன பிறகு பழையதை நிறுத்தலாம்.

3. தகவலின் நகல் வேறு ஊரிலும் இருக்கவேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் புதுச்சேரியையும் கடலூரையும் புரட்டிப்போட்டதை மறக்கக்கூடாது. கடலோரத்தில் ஒரே அறையில் ஒரே சர்வர் என்பது விஷப்பரீட்சை.

4. காரைக்காலிலேயே ஒரு கவுண்டர், பொறுப்பான ஒரு மனிதர். வெப்சைட்டோடு சண்டை போட முடியாது சார், ஆளோடு பேசலாம்.

காசுக்கு எங்கே போவது என்பார்கள். நூலகத்துக்கு கோஹா, பாடங்களுக்கு மூடுல் இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள், உரிமக் கட்டணம் கிடையாது. நிர்வாகத்துக்கு மத்தியக் கல்வி அமைச்சகத்தின் ஆதரவோடு டெல்லி பல்கலைக்கழகத்தில் உருவான சமர்த் இருக்கிறது. இவற்றை நடத்தவும் ஆள் வேண்டும், செலவு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் செலவு இப்போது மட்டும் இல்லையா என்ன? அது மாணவர்களின் பஸ் டிக்கெட்டாகவும், அவர்களோடு துணைக்குப் போகும் அப்பா அம்மாவின் ஒருநாள் கூலியாகவும் போகிறது. கல்லூரியின் கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பத்தி இல்லை, அவ்வளவுதான்.

எனவே புதிய கணினி அறைக்கு யாராவது ரிப்பன் வெட்டினால் கைதட்டுங்கள், தப்பில்லை. தட்டி முடித்ததும் அந்த பஸ் கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.