அஞ்சல்வழிச் சட்டப்படிப்பு: உதவுமா, ஏமாற்றுமா?



அண்மையில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இளைஞர் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். "ஃபாதர், வேலையை விடாமலே வக்கீல் ஆகலாம்னு சொல்றாங்க. புத்தகமெல்லாம் வீட்டுக்கே வந்துடுமாம். சேரட்டுமா?" என்று கேட்டு ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டினார். முதல் தவணைப் பணமும் சட்டைப் பையில் இருந்தது. அவருக்குச் சொன்னதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

இந்த ஆசை நம் பகுதியில் எழுவதில் வியப்பில்லை. 2024 செப்டம்பர் 9 அன்று இங்குள்ள சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள்கள் நீடித்தது. தொழிற்சங்கப் பதிவு விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. சட்டம் தெரியாமல் ஒரு படிகூட ஏற முடியாது என்பதை நம் இளைஞர்கள் கண்ணெதிரே கண்டார்கள்.

ஆனால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அஞ்சல் வழியில் பெற்ற சட்டப் பட்டத்தைக் கொண்டு இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகையைக் கேட்கின்றன. பகலில் உழைத்து இரவில் படித்தவர்களுக்கு உதவிய மாலை நேரச் சட்டக் கல்லூரிகளுக்கும் அவ்விதிகளில் இடமில்லை. 2024 செப்டம்பரில் கைரேகை வருகைப் பதிவும் வகுப்பறைக் கேமராவும் வேண்டும் என்றது கவுன்சில். ஷிப்டுக்குப் போகும் தொழிலாளிக்கு இது அடைத்த கதவுதான்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபடியே, 1989-இல், தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி மூலம் சட்டப் பட்டத்தை முடித்தார். பக்கத்து இலங்கையில் திறந்த பல்கலைக்கழகமே சட்டப் பட்டம் வழங்குகிறது. நேரில் படிப்பதால் தரம் காக்கப்படும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அந்தத் தரத்தின் விலையை ஏழை மட்டுமே கொடுக்கலாமா? இது சிந்திக்க வேண்டிய கேள்வி.

அப்படியானால் தபாலில் சட்டம் படிப்பது வீணா? இல்லை. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தின் 36-ஆம் பிரிவைப் பாருங்கள். சமரசப் பேச்சில் வழக்கறிஞருக்கே இடமில்லை. தொழிலாளர் நீதிமன்றத்திலும், எதிர்த்தரப்பு சம்மதித்து நீதிமன்றமும் அனுமதித்தால்தான் அவர் வரலாம். ஆனால் பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகி தொழிலாளிக்காகப் பேசலாம்! 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இந்த வழி தொடர்கிறது. கறுப்பு அங்கி இல்லாவிட்டாலும், சட்டம் படித்த ஒரு தொழிலாளி தன் தோழருக்காக எழுந்து நிற்க முடியும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பெண்கள், பட்டியலின மக்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையைத் தருகிறது. 15100 என்ற எண்ணில் அழைத்து வழி கேட்கலாம்.

எனவே இளைஞர்களே, பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி உண்டா? வழக்கறிஞராகப் பதிவு செய்யலாம் என்று எழுத்தில் தருவார்களா? வக்கீல் ஆகத்தான் வேண்டுமென்றால், பார் கவுன்சில் அங்கீகரித்த கல்லூரிக்குச் சென்று படிப்பதே வழி. அரசுச் சட்டக் கல்லூரிகள் நமக்கு எட்டும் தூரத்தில் பட்டரைப்பெரும்புதூரிலும் புதுப்பாக்கத்திலும் உள்ளன.

அந்தத் தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப வக்கீல் கனவு இப்போதைக்கு இல்ல ஃபாதர். ஆனா சட்டம் படிப்பேன்" என்றார். பணத்தைத் திரும்பவும் பையில் வைத்துக்கொண்டார். தன் சம்பளச் சீட்டைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும் ஒருவர் ஒவ்வொரு அன்பியத்திலும் இருந்தால், நம் பகுதியில் எத்தனை குடும்பங்கள் ஏமாறாமல் தப்பிக்கும்! சிந்திப்போம், செயல்படுவோம்.